கரை இருந்தால் நீர்நாய் இருக்கும்

கண்டியைச் சுற்றி ஓடும் நீரில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்னும் வாழ்கின்றன. வாவியை அழகுக்காகப் பார்க்கிறோம். ஓடையில் கழிவை விடுகிறோம். இரண்டுக்கும் ஓரமாக இருக்கும் கரையை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விலங்குகளின் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

கண்டி நீர் சூழ்ந்த ஊர். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, தன் 335 கிலோமீற்றர் பயணத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்காவை வளைத்துக்கொண்டு வந்து, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை என்று நகரின் மூன்று பக்கங்களையும் சுற்றிப் போகிறது. நகரின் நடுவில் வாவி. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்ற ஓடையாக நகருக்குள் ஓடிக் கெட்டம்பேயில் மகாவலியைச் சேர்கிறது. வடக்கே அக்குறணைப் பக்கமிருந்து பிங்கா ஓயா வருகிறது. ஹந்தானை மலையிலும் துனுமடலாவக் காட்டிலும் பிறக்கும் சிற்றோடைகள் பள்ளம் பார்த்து ஓடி இவற்றில் கலக்கின்றன.

நாம் இவற்றைத் தனித்தனியாகப் பெயரிட்டு, தனித்தனித் திணைக்களங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். நீரை நம்பி வாழும் விலங்குக்கு அப்படி எந்தப் பிரிவும் இல்லை. மலையடிவாரத்து ஓடையில் தொடங்கி ஆற்று மணல்திட்டு வரை அதற்கு ஒரே வழி. அந்த வழி எங்கே அறுபடுகிறதோ அங்கே அதன் வாழ்வும் அறுபடுகிறது.

நீருக்குள் இறங்கும் பூனை

பூனைக் குடும்பத்தில் நான்கு இனங்கள் இலங்கைக் காடுகளில் உண்டு: சிறுத்தை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை, மீன்பிடிப் பூனை. சிறுத்தைக்கு உலகப் புகழ் இருக்கிறது. மீன்பிடிப் பூனையைப் பற்றி, அது நடமாடும் ஓடைக்கு அருகிலேயே குடியிருப்பவர்கள்கூட அதிகம் கேள்விப்பட்டதில்லை. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்கிறார்கள்.

வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிய உடல். நன்கு வளர்ந்த ஆண் 16 கிலோகிராம் வரை எடை வரும். சாம்பல் கலந்த மங்கிய பழுப்பு நிறத்தில், வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள். வால் குட்டை. முன்னங்கால் விரல்களுக்கு இடையே ஓரளவு சவ்வு உண்டு. நகங்கள் மற்றப் பூனைகளுக்குப்போல் முழுதாக உள்ளே போவதில்லை. ரோமம் இரண்டு அடுக்காக இருக்கிறது. நெருக்கமான உள்ளடுக்கு நீரைத் தோல்வரை விடாது. இந்த உடலோடு அது கரையில் பதுங்கி உட்கார்ந்து, பாதத்தால் நீரின் மேற்பரப்பை மெல்லத் தட்டும். பூச்சி விழுந்தது என்று நினைத்து மேலே வரும் மீன் பிடிபடும். தேவைப்பட்டால் நீருக்குள் தலைகீழாகப் பாய்ந்து மூழ்கியும் பிடிக்கும். மீன் கிடைக்காத நாளில் தவளை, நண்டு, எலி, பாம்பு.

உலக அளவில் இந்த இனம் அழியக்கூடிய நிலையில் இருப்பதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கையின் 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியல் அதைவிடக் கடுமையாக, அருகிவரும் இனம் என்கிறது. ஆனாலும் தாழ்நிலச் சதுப்புகளோடு நின்றுவிடாமல், மலைநாட்டு ஓடைகளிலும் தேயிலைத் தோட்டங்களின் பள்ளங்களிலும் அது தாக்குப்பிடித்து வருகிறது. கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் இந்தப் பூனைகளை ஆராய்ந்து வருபவர்களில் அஷான் துடுகல குறிப்பிடத்தக்கவர். அவை வாகனங்களில் அடிபட்டுச் சாவது எத்தனை பெரிய ஆபத்து என்பதை எடுத்துச் சொல்லி, வீதியோரங்களில் எச்சரிக்கைப் பலகைகள் நிறுவும் வேலையையும் அவர் முன்னெடுத்திருக்கிறார்.

சங்கப் பொய்கையிலிருந்து மகாவலி வரை

நீர்நாய் தமிழருக்குப் பழைய அறிமுகம். சங்கப் பாடல்களில் மருத நிலத்துப் பொய்கையில் வாளை மீனை இரையாகப் பெறும் விலங்காக அது வருகிறது. வயலும் குளமும் செழித்திருக்கின்றன என்பதற்கு அதன் இருப்பையே புலவர்கள் அடையாளமாக்கினார்கள்.

இலங்கையில் வாழ்வது யூரேசிய நீர்நாய். ஐரோப்பாவின் மேற்குக் கரையிலிருந்து ஆசியாவின் கிழக்கு வரை பரந்திருக்கும் இனம் இது. இந்தத் தீவில் வேறு நீர்நாய் இனம் கிடையாது. தாழ்நிலத்து நீர்நிலைகள் முதல் ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகள் வரை அதைக் காணலாம். மகாவலியும் அதன் கிளைகளும் அதற்கு நீண்ட வீடு. தேசியச் செம்பட்டியலில் இது அழியக்கூடிய இனமாக இருக்கிறது.

பகலில் அதைப் பார்ப்பது அரிது. அது இருப்பதைச் சொல்வது பாறைமேல் விட்டுப்போகும் எச்சம்தான். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த அந்த எச்சத்தை வைத்தே ஆய்வாளர்கள் அதன் உணவையும் நடமாட்டத்தையும் கண்டறிகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பத்மா டி சில்வா 1990களில் இப்படித்தான் இலங்கை நீர்நாயின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தார். மீனோடு நண்டும் அதற்கு முக்கிய உணவு. இலங்கையின் நன்னீர் நண்டு வகைகளோ ஏறத்தாழ எல்லாமே இந்த மண்ணைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. ஓடை கெட்டால் நண்டு போகும். நண்டு போனால் நீர்நாயும் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீர்நாய் மெதுவாகப் பெருகும் விலங்கு. ஒரு ஈற்றுக்கு இரண்டு அல்லது மூன்று குட்டிகள். அவை ஏறத்தாழ ஓராண்டு தாயோடு இருந்து மீன்பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. குட்டி ஈன்று மறைத்து வைக்க அதற்குத் தேவை கரையோர மரத்தின் வேருக்கடியில் ஒரு பொந்து. ஒரு தாய் இறந்தால் குட்டிகளும் சேர்ந்தே இறக்கின்றன. ஓடைக்கரையில் ஒரு கும்புக் (மருத) மரத்தை வெட்டிச் சுவர் எழுப்பினால் ஒரு தலைமுறைக்கான இடமே போய்விடுகிறது.

வயலாக இருந்த வாவி

தலதா மாளிகைக்கு முன்னால் விரிந்திருக்கும் கண்டி வாவி இயற்கையானதல்ல. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளிக்குக் குறுக்கே அணை கட்டி அதை உண்டாக்கினான். நாயக்கர் வழிவந்த, கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த மன்னன் 1815இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்து, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து இறந்தான். அவன் விட்டுப்போன நீர்நிலை இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

வாவிக்கு மேலே உடவத்தகெலேக் காடு. 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு சுமார் 104 ஹெக்டேயர் பரப்பில் நகருக்குள் தனித்து நிற்கிறது. 1988இல் கண்டி உலக மரபுரிமை நகரமானபோது உலகம் பாராட்டியது மாளிகையையும் தேவாலயங்களையும். அந்த மரபுரிமையோடு ஒட்டியே காடும் நீரும் இருக்கின்றன என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இன்று வாவியைச் சுற்றிச் சுவர், சுவரையொட்டி வீதி, வீதி முழுதும் வாகனப் புகை. 1999இல் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி வாவியெங்கும் பெருகியது. நஞ்சை உண்டாக்கக்கூடிய பாசி அது. நகரத்துக் கழிவோடு வந்து சேர்ந்த ஊட்டச்சத்துகள் நீரை எவ்வளவு கெடுத்திருந்தன என்பதற்கு அது கண்கூடான எச்சரிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன் வாவிக்குள் இன்னொரு வேண்டாத விருந்தாளி தலைகாட்டியது. வட அமெரிக்காவைச் சேர்ந்த, முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் மீன். கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்த்தது அளவுக்கு மிஞ்சி வளர்ந்ததும் யாரோ கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். இரக்கத்தோடு செய்த காரியமாகவே இருக்கலாம். ஆனால் உள்ளூர் மீன்களைத் தின்று பெருகும் அப்படியொரு மீன், வாவியிலிருந்து ஓடை வழியாக மகாவலிக்குள் இறங்கினால் அதைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது.

நான்கு ஆபத்துகள்

முதலாவது, நீர். மெத எல நெடுங்காலமாக வீடு, கடை, உணவகங்களின் கழிவை ஏற்று வந்திருக்கிறது. அந்த ஓடை மகாவலியைச் சேரும் கெட்டம்பேயில்தான் எசல பெரஹராவின் நிறைவாக நீர் வெட்டும் சடங்கு நடக்கிறது. ஊர் முழுதும் புனிதமாகக் கருதும் நீருக்குள் ஊரின் அழுக்கையே அனுப்பி வைக்கிறோம். நகரின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்படும் கொஹாகொட மேடும் மகாவலிக்கு அருகில்தான் இருக்கிறது. அதிலிருந்து வடியும் கழிவுநீர் ஆற்றை எட்டுகிறது. மேலே மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிகொல்லியும் மழையோடு இறங்கி வருகிறது.

இந்நிலையை மாற்ற ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் கண்டி நகரக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டம் நிறைவேற்றப்பட்டு, கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. ஆனால் நிலையம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வீடும் கடையும் விடுதியும் அதன் குழாயோடு இணைந்தால்தான் ஓடை மூச்சுவிடும்.

இரண்டாவது, சுவர். ஓடை உடைப்பெடுத்தால் உடனே கொங்கிறீற். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழும்பினால், நீரில் இறங்கிய விலங்கு ஏற இடமில்லை, பதுங்கப் புதரில்லை, குட்டி போடப் பொந்தில்லை. மனிதருக்கும் இதனால் நன்மையில்லை. ஒடுக்கப்பட்ட ஓடை வேகமெடுத்துக் கீழே இருப்பவர்களின் வீட்டுக்குள் ஏறுகிறது. பிங்கா ஓயாவின் கரையை நெருக்கிக் கட்டிய கட்டடங்களுக்கு நடுவே அக்குறணைக் கடைவீதி எத்தனை முறை மூழ்கியிருக்கிறது என்பதை அந்த ஊர் வியாபாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தை மண்சரிவாலும் வெள்ளத்தாலும் உலுக்கியது. இழந்த உயிர்களுக்கு ஈடில்லை. இனிக் கட்டுவதை எப்படிக் கட்டுகிறோம் என்பதாவது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, வீதி. மீன்பிடிப் பூனை இரவில் ஓடை வழியே நடக்கிறது. ஓடை வீதிக்கடியில் குழாயாகக் குறுகும் இடத்தில் அது மேலே ஏறி வீதியைக் கடக்க நேர்கிறது. அங்கேதான் அடிபடுகிறது.

நான்காவது, மனிதரின் அச்சமும் கோபமும். புள்ளி போட்ட உடலை இருட்டில் பார்த்ததும் சிறுத்தைக் குட்டி என்று நினைத்து விடுகிறார்கள். கோழி போனாலும் தொட்டி மீன் போனாலும் பழி இதன்மேல் விழுகிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிக்கு எது பன்றி, எது பூனை என்று தெரியாது. கட்டாக்காலி நாய்க் கூட்டங்களும் குட்டிகளைக் கொல்கின்றன.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இரண்டு விலங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதுகாப்பை மேலும் இறுக்கியது. ஆனால் சட்டம் விலங்கைக் கொல்வதைத் தடுக்கிறது. அது வாழும் கரையை விழுங்குவதைத் தடுக்க நகரத் திட்டமிடலில் இடம் வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

நகரமும் இந்த விலங்குகளும் சேர்ந்து வாழ முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

கொழும்பைப் பாருங்கள். தலைநகரின் சதுப்புநிலங்களில் மீன்பிடிப் பூனைகள் வாழ்வதை ஆராய 2013இல் அன்யா ரத்நாயக்க நகர மீன்பிடிப் பூனைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார். தானியங்கிக் கமராக்களும் கழுத்துப்பட்டிகளும் காட்டிய உண்மை வியப்பானது. கால்வாய் ஓரங்களையும் சதுப்புத் துண்டுகளையும் வீட்டுத் தோட்டங்களையும் இணைத்து அந்தப் பூனைகள் நகருக்குள்ளேயே தங்கள் வழியை அமைத்துக்கொண்டிருந்தன. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற உலகின் முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பூனைக்கு இடம் விட்ட சதுப்புகள் மழைவெள்ளத்தை வாங்கி நகரையும் காக்கின்றன.

இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் 2012இல் மீன்பிடிப் பூனையையே மாநில விலங்காக்கினார்கள். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2022இல் வெளியான கணக்கெடுப்பில் 176 பூனைகள் இருப்பது தெரிந்தது. அங்கே அந்த வேலையில் மீனவர்களும் பங்கெடுத்தார்கள்.

சிங்கப்பூரின் கதை நீளமானது. சாக்கடையாகிப்போன சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப்படுகையையும் 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் சுத்தம் செய்தார்கள். 1998இல் நீர்நாய்கள் அந்தத் தீவுக்குத் திரும்பின. 2012இல் பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீற்றர் நீளக் கொங்கிறீற் கால்வாயை உடைத்து, புல்லும் கல்லும் மரமும் கொண்ட 3.2 கிலோமீற்றர் ஆறாக வளைத்து விட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் ஒரு நீர்நாய்க் குடும்பம் அங்கே குடியேறியது. யாரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்து விடவில்லை. கரை திரும்பியது, அவையும் திரும்பின.

கண்டிக்கு மிக நெருக்கமான பாடம் இங்கிலாந்திலிருந்து வருகிறது. அங்கே வாழ்வதும் நம் மகாவலியில் இருக்கும் அதே இனம். 1950களின் நடுப்பகுதியிலிருந்து டீல்ட்ரின் போன்ற பூச்சிகொல்லிகள் வயல்வழியே ஆறுகளில் கலந்தன. மீனில் சேர்ந்த நஞ்சு நீர்நாயின் உடலில் பன்மடங்காகத் தேங்கியது. நாட்டின் பெரும்பகுதியிலிருந்து நீர்நாய் மறைந்தது. அந்த மருந்துகளைத் தடைசெய்து, ஆறுகளைத் துப்புரவாக்கிய பிறகும் அது திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. 2011இல்தான் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் மீண்டும் இருப்பதாக அறிவிக்க முடிந்தது. இழப்பது எளிது, மீட்க ஒரு மனித ஆயுளில் பாதி வேண்டும். நாமோ நீர்நாயை இன்னும் இழக்கவில்லை.

கண்டிக்கு ஒரு கரைத் திட்டம்

செய்ய வேண்டியது பெரிய ரகசியமில்லை. வாவி, மெத எல, பிங்கா ஓயா, மகாவலி அனைத்தையும் ஒரே நீர்வழியாகக் கருதும் திட்டம் ஒன்று வேண்டும். மாநகரசபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவை ஒரே மேசையில் உட்கார வேண்டும். மெத எலவின் எந்தெந்தப் பகுதிகளில் சுவரைச் சரிவாக்கி, கல்லடுக்கி, நாணலும் மூங்கிலும் கும்புக்கும் நட முடியும் என்று அளந்து பார்க்க வேண்டும். வீதிக்கடியில் போகும் குழாய்களில், நீருக்கு மேலே விலங்கு நடக்க ஒரு மேடை வைப்பது பெரும் செலவான காரியமில்லை. ஐரோப்பாவில் நீர்நாய்களுக்காக இதைச் செய்கிறார்கள். ஆற்று ஒதுக்கில் புதிய கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

இந்த வேலையில் முதல் மரியாதை பெற வேண்டியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். மஹியாவையிலும் பிற இடங்களிலும் வாழும் தமிழ்த் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்நகரின் வடிகால்களைச் சுத்தம் செய்து வருகின்றன. ஓடைக்குள் தினமும் இறங்குகிறவர்கள் அவர்கள். எந்த இடத்தில் கால்தடம் இருக்கிறது, எங்கே புதிய கழிவுக் குழாய் திறந்திருக்கிறது என்பதைப் பார்க்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களுக்குத் தகுந்த ஊதியமும் பாதுகாப்பு உடையும் கொடுத்து, நீர்வழிக் காவலர்களாகவும் பயிற்சியளித்தால் கண்டிக்கு ஈடிணையற்ற ஒரு கண்காணிப்புப் படை கிடைக்கும். ஹந்தானைத் தோட்ட லயன்களில் வாழ்கிறவர்களுக்கும் அக்குறணைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இதே அழைப்பை விடுக்கலாம். இந்த விலங்குகளைப் பற்றித் தமிழில் சுவரொட்டியும் கையேடும் வேண்டும். ஓடைக்கரையில் தமிழ் பேசுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, பாதுகாப்புச் செய்தி அவர்கள் மொழியில் வராவிட்டால் ஊரில் பலருக்கு அது போய்ச் சேரவே சேராது.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஓடையோரத்தில் மீன்பிடிப் பூனையையோ நீர்நாயையோ கண்டால் விலகி நில்லுங்கள். துரத்தவோ வெளிச்சம் அடிக்கவோ உணவு போடவோ வேண்டாம்.

• தனியாக இருக்கும் குட்டியைத் தூக்காதீர்கள். தாய் அருகிலேயே இருக்கக்கூடும். காயமடைந்த விலங்கைக் கண்டால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

• பிடித்து வேறு காட்டில் விடும்படி கேட்காதீர்கள். தெரியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை. காலியான இடத்துக்கு இன்னொன்று வரும்.

• மீன் தொட்டிக்கு வலை மூடி போடுங்கள். கோழிக்கூட்டை இரவில் இறுகப் பூட்டுங்கள். இழப்பும் கோபமும் அங்கேயே முடிந்துவிடும்.

• வளர்ப்பு மீனை வாவியிலோ ஓடையிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

• கம்பிக் கண்ணியைப் பார்த்தால் அறிவியுங்கள். இரவில் ஓடைப் பாலங்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள்.

• உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீர்நாய்க்கும் பூனைக்கும் இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நீர்நாய்க்கு மீன் தரும் அளவுக்குச் சுத்தமான ஓடை பிள்ளைகளுக்கும் நல்லது. பூனை பதுங்கப் புதர் இருக்கும் கரை, வெள்ளத்தில் இடிந்து விழாமல் வீடுகளைக் காக்கும். அவற்றுக்காகக் கேட்பதும் நமக்காகக் கேட்பதும் ஒன்றேதான். அடுத்த முறை மாநகரசபை வேட்பாளர் ஒருவர் வீதி போடுவேன், மதில் கட்டுவேன் என்று உங்கள் வாசலுக்கு வந்தால், மெத எலவின் கரையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.